ஒன்றா, ஏழா

போஹுஷ் ஒளித்துவைத்த டப்பாவை
போஹுஷாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
அவன் சொன்னால் கதை வேறு மாதிரி இருக்கும்.

ஜூலை. ஸ்வாதவாவின் டிராமைப் பத்து நாளைக்கு
வேறொருத்தி ஓட்டுகிறாள்.
மிலுஷே சமைக்கும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது.
எனக்கு ஐந்தே நாள் விடுப்பு,
அதில் ஒன்றைத் தூங்கியே தீர்த்திருந்தேன்.
ஆஸ்ட்ராவாவில் முதல் ரயில் பிடித்து
பெஸ்கிடி மலையடியில் இறங்கியபோது
புல்லில் இன்னும் ஈரம்.

ஆட்டம் எளிது.
யாரோ காட்டில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து
அட்சரேகை தீர்க்கரேகையை ஊரறியச் சொல்வார்.
மற்றவர்கள் வானத்துச் செயற்கைக்கோளிடம்
வழி கேட்டு வந்து தேடுவார்கள்.
அகப்பட்டால் உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுதி
இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.
வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத புதையல்.

போன அக்டோபரில் இவன் வைத்தான்.
பதினொரு பேர் வந்தார்கள்.
பதினொரு பேரும் 'கிடைக்கவில்லை' என்றார்கள்.
ப்ர்னோக்காரர் ஒருவர் மட்டும் கூடுதலாக:
'முழங்காலுக்குக் கீழே என் கால்சட்டையும் கிடைக்கவில்லை.'

நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன்!
வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு ஏறினோம்.
பீச் மரங்களின் மேல்
வெள்ளை, நீலம், வெள்ளை என்று பூசிய பாதைக்குறி.
ஓரத்துப் புதர்களில் கறுநீலப் பழங்கள்.
தின்று தின்று நாக்கு ஊதாவாகி
கிண்டல்கூட ஊதாவாகத்தான் வந்தது.

உச்சிவேளை. போன் சொன்னது:
மூன்று மீட்டர். இரண்டு. ஐந்து. பதினான்கு.
கல்லைப் புரட்டினோம்; பூரான் முறைத்தது.
'மூன்று கிளையாய்ப் பிரிந்த பீச் மரம்,
அடியில் பொந்து, சத்தியமாக' என்றான் போஹுஷ்
ஒரு பீச் மரம்கூட இல்லாத
ஊசியிலைத் தோப்பின் நடுவில் நின்றுகொண்டு.

ஸ்வாதவா உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிரித்தாள்.
'எதில் குறித்தாய்?'
பர்சிலிருந்து நாலாய் மடித்த சீட்டு வந்தது.
மென்றபடியே பார்த்தாள்.
'இது ஏழு இல்லை. மூக்கு நீண்ட ஒன்று.
ஏழென்றால் இடுப்பில் ஒரு கோடு இழுத்திருப்பாய்.
ஒன்றாம் நம்பர் வண்டியும் ஏழாம் நம்பர் வண்டியும்
ஒரே இடத்துக்கா போகிறது?'

யாரும் சிரிக்கவில்லை.
முகட்டைத் தாண்டி, தெற்கே
ஒரு கிலோமீட்டருக்கும் மேல் என்பதைக்
கால்கள் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டன.

மரம் இருந்தது. மூன்று கிளை. பொந்து.
மரப்பட்டையை விலக்கினால் டப்பா.
மூடியைச் சுற்றி
அவன் ஒட்டாத ஒரு டேப்.

நோட்டின் முதல் பக்கம் நிறைந்திருந்தது.

'நவம்பர் 3. காளான் தேடி வந்தேன். யாருடைய டப்பா? பென்சில் நன்றாக எழுதுகிறது.'
'டிசம்பர். முழங்கால்வரை பனி. டப்பா நலம்.'
'மார்ச் 20. மூடி விரிந்துவிட்டது, ஒட்டியிருக்கிறேன். கோலிகுண்டை எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.'
'மே 9. மான் ஈன்றிருக்கிறது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் மெதுவாக நடக்கவும்.'
'ஜூன் 30. யாருமே வருவதில்லையே.'

பெயர் இல்லை.
பென்சில் மட்டும் கத்தியால் சீவி
பாதியாகக் குறைந்திருந்தது.

போஹுஷ் இரண்டு முறை படித்தான்.
பிறகு நாலு பேர் பெயரையும் அவனே எழுதினான்,
நிதானமாக, அரசாங்கப் பத்திரத்தில் எழுதுவதுபோல்.
தேதியில் வந்த ஏழுக்கு
இடுப்பில் அழுத்தமாக ஒரு கோடு.

மிலுஷே தன் சாக்லேட்டை உடைக்காமல் உள்ளே வைத்தாள்.
தின்பண்டம் வைக்கக் கூடாதென்பது விதி.
எங்களில் விதிகளைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

திரும்பும் ரயிலில் வாக்கெடுப்பு:
எண்ணைத் திருத்துவதா, விட்டுவிடுவதா?
ப்ர்னோக்காரரின் கால்சட்டை ஒரு பக்கம்,
மான்குட்டி மறுபக்கம்.
இரண்டுக்கு இரண்டு.

என் விடுப்பில் இன்னும் மூன்று நாள் இருக்கிறது.
கோலிகுண்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று
விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.